வானத்து நடுகல்

செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலே நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டு மாண்டவன் ஒருவன். ஊர் காத்து வீழ்ந்தவன் மற்றொருவன். அவன் பெயரென்ன, செய்த செயலென்ன, அவன் மாண்டது எவ்வேந்தனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று கல்லிலே பொறித்து நிறுத்தினர் நம் முன்னோர். எடுத்தனூரிலே, தலைவனுக்குத் துணைநின்று கள்ளரைக் கடித்த நாய்க்கும் கோவிவன் என்ற அதன் பெயரைப் பொறித்து, தலைவன் பக்கத்திலேயே உருவமும் செதுக்கினர். மாண்டவன் மறைந்தான், மாண்டதற்குச் சான்று மறையவில்லை.

அந்தச் செங்கத்துக்கு வடக்கே எழுந்து நிற்பது சவ்வாது மலை. சென்ற மாசித் திங்களின் அமாவாசை இரவில், அம்மலைமேல் அறுவடை முடிந்த சாமைக் கொல்லை ஒன்றிலே நின்றுகொண்டு, நாம் வேறொரு நடுகல்லைப் படமெடுத்தோம். மண்ணில் நட்ட கல்லன்று அது; வானத்தில் நிற்பது. மாண்டவன் மறவனல்லன், ஒரு விண்மீன். வெடித்துச் சிதறிய அந்த மீனின் எச்சத்துக்கு நண்டு விண்முகில் என்று பெயர்.

பொழுதுபோகாமல் மலையேறினோம் என்று தோழர்கள் எண்ணவேண்டாம். நாம் பள்ளியிலே வரலாறு கற்பிப்பவர். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்விதான் நம்மை மலைக்கு இழுத்துச் சென்றது.

"மூலம் என்ற விண்மீனைக் காட்ட முடியுமா, ஐயா?" என்றாள்.

"ஏனம்மா?"

"எங்கள் அக்காள் பிறந்தது மூலம். மூன்று இடம் வந்தது, மூன்றும் போயிற்று. அது எப்படித்தான் இருக்கும் என்று ஒருமுறை பார்க்கவேண்டும்."

ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்ற பழமொழியைத் தமிழ்நாட்டில் கேளாத செவி உண்டோ? ஓலையிலே சாதகம் எழுதிய காலம் போய், கைப்பேசியிலே நொடியில் சாதகம் கணிக்கும் காலம் வந்துவிட்டது. கருவி மாறியது, கருத்து மாறவில்லை. அந்தப் பெண்ணுக்கு அறிவுரை கூறி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. விண்மீனைச் சொல்லி ஒருத்தியின் வாழ்வை அடைக்கிறார்கள் என்றால், அந்த விண்மீனையே சாட்சிக்கு அழைப்போம் என்று துணிந்தோம். அதற்கு முன், விண்மீன்களைப் பற்றி மாந்தர் சொன்னதும் விண்மீன்களே சொன்னதும் எவை எவை என்று வரலாற்றைப் புரட்டினோம்.

ஒரே மீன், மூன்று நிமித்தம்

1054 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4 ஆம் நாள். சீன நாட்டிலே சோங் மரபினர் ஆட்சி. விடியுமுன் கீழ்வானிலே, அதுவரை அங்கு இல்லாத புதிய மீனொன்று சுடர்விட்டது. வந்து தங்கிப் போவதனால் அதை விருந்து மீன் என்றே சீனர் குறித்தனர். 23 நாள்கள் பட்டப்பகலிலும் வெள்ளியைப்போல் அது கண்ணுக்குத் தெரிந்தது. பின்னர் மெல்ல மங்கி, 1056 ஏப்ரலிலே மறைந்தது. தோன்றிய நாளும் நின்ற இடமும் மறைந்த நாளும் ஏட்டிலே ஏறின. ஜப்பானியர் ஏட்டிலும் இம்மீன் உண்டு.

கண்டதைக் கண்டபடி எழுதியவரை வணங்குவோம். ஆனால் கண்டதோடு நின்றார்களா? யாங் வெய்டே என்ற அரசவை வானியலர் மன்னனுக்கு அறிக்கை தந்தார்: இம்மீன் நல்ல நிமித்தம், நாட்டுக்கு மேன்மையுண்டு என்று காட்டுகிறது! அரசவை மகிழ்ந்து வாழ்த்தியது.

அதே காலத்தில் கான்ஸ்டாண்டினோப்பிள் நகரிலே கொள்ளைநோய். அதைக் கண்ட இப்னு புட்லான் என்ற பாக்தாது மருத்துவர், வானில் தோன்றிய புதுமீனையும் நோயையும் ஒன்றோடொன்று முடிச்சிட்டு எழுதினார். கைபெங்கிலே வாழ்த்தான மீன் கான்ஸ்டாண்டினோப்பிளிலே சாவானது.

நம் நாட்டுக்கு வருவோம். ஏறத்தாழ அதே காலத்தில் கொப்பத்துப் போர்க்களத்திலே சோழரும் சாளுக்கியரும் மோதினர். முதலாம் இராசாதிராசன் யானைமீதிருந்தபடியே உயிர் துறந்தான். யானைமேல் துஞ்சின தேவர் என்று அவனைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அதே களத்திலே அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் முடி சூடினான். தோற்கவேண்டிய போரை வென்றான். அந்த மீனைக் காட்டி ஒரு சோதிடன் என்ன சொல்லியிருக்க முடியும்? அண்ணனுக்குச் சாவு என்றிருக்கலாம். தம்பிக்கு அரியணை என்றிருக்கலாம். எதைச் சொன்னாலும் பலித்திருக்கும்! எதைச் சொன்னாலும் பலிக்கும் சொல்லை அறிவு என்று எப்படி ஏற்பது?

சோழர் சீனத்துக்கு 1015 இலும் 1033 இலும் 1077 இலும் தூதனுப்பியவர். விண்மீன்களை வழிகாட்டியாகக் கொண்டு கடல் கடந்தவர் நம் மாலுமிகள். பகலிலும் தெரிந்த மீன் அவர்கள் கண்ணுக்குத் தப்பியிருக்குமா? ஆயினும் நெல்லின் அளவையும் விளக்குக்குக் கொடுத்த ஆட்டின் தொகையையும் கல்லிலே பொறித்த நாட்டிலிருந்து, இம்மீனுக்குச் சான்றாக உலக அறிஞர் எடுத்துக்காட்டும் வரி வரவில்லை. அவர்கள் காட்டுவன சீனத்தார், ஜப்பானியர், அரபு மொழியினர் ஏடுகளே. பார்ப்பது போதாது, பார்த்ததை எழுதினால்தான் வரலாறு.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அம்மீன் இருந்த இடம் இங்கிருந்து ஏறத்தாழ 6,500 ஒளியாண்டுத் தொலைவு. ஒளி ஓராண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு. அப்படியானால் 1054 இல் மாந்தர் கண்ட வெடிப்பு, அதற்கு 6,500 ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்த வெடிப்பு! அந்த ஒளி புறப்பட்டபோது சோங் பேரரசு இல்லை, கான்ஸ்டாண்டினோப்பிள் இல்லை, சோழர் குடி இல்லை. பிறக்காத மன்னனுக்கு வாழ்த்தும் கட்டாத நகருக்குக் கொள்ளைநோயும் சுமந்துகொண்டா அது புறப்பட்டது? மீன் பேசவில்லை, தோழர்களே! மீனைக் காட்டிக்கொண்டு மனிதன் பேசினான்.

மருத்துவரும் கட்டடக்காரரும் கண்ட உண்மை

மறைந்த மீனை உலகம் மறந்தது. ஏறத்தாழ ஏழு நூற்றாண்டு கழித்து, 1731 இலே, ஜான் பெவிஸ் என்ற ஆங்கில மருத்துவர் தம் தொலைநோக்கியிலே அவ்விடத்தில் மங்கிய வெண்புகை ஒன்றைக் கண்டார். 1758 இலே பிரெஞ்சு நாட்டு சார்ல் மெசியே வால்மீனைத் தொடர்ந்துகொண்டிருந்தபோது அதையே கண்டார். வால்மீனைப்போல் தோன்றி ஆளை ஏமாற்றுகிறது. இனி எவரும் ஏமாறவேண்டாம் என்று ஒரு பட்டியல் தொடங்கி, இதை முதல் எண்ணாக எழுதினார். பிறர் ஏமாறாதிருக்கப் பட்டியல் எழுதினான் ஒருவன்! அதுவல்லவோ அறிவின் பண்பு?

1840களிலே அயர்லாந்தின் ராஸ் பிரபு, 91 சென்டிமீட்டர் ஆடியுடைய தம் பெருந்தொலைநோக்கியில் பார்த்து ஒரு படம் வரைந்தார். அந்தப் படத்திலே கால்கள் நீண்டிருந்தன. நண்டு என்ற பெயர் அதனால் வந்தது. ஆனால் கை வரைந்த படம் கண்ணுக்கும் மனத்துக்கும் கட்டுப்பட்டது. வரைபவன் எண்ணுவதும் தாளிலே வந்து விழும். எண்ணத்தைக் கலக்காத சாட்சி ஒன்று வேண்டியிருந்தது. ஒளிப்படம் அந்தச் சாட்சியாயிற்று. 1892 இலே நண்டு விண்முகிலை ஒளிப்படமெடுத்தவர் ஐசக் ராபர்ட்ஸ். பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர் அவர். கட்டடம் கட்டும் தொழிலில் ஈடுபட்டு, ஆர்வத்தால் வானை ஆராய்ந்தவர். மருத்துவரும் நிலக்கிழாரும் கட்டடக்காரரும் வளர்த்த அறிவு இது.

இனித்தான் வியப்பு. வில்சன் மலை வானாய்வகத்திலே ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரு படங்களை 1921 இல் ஜான் டங்கன் ஒப்பிட்டார். முகிலின் இழைகள் நடுவிலிருந்து வெளிநோக்கி நகர்ந்திருந்தன. விரிகிறது! இன்று இவ்வளவு விரிந்திருக்கிறது, ஆண்டுக்கு இவ்வளவு விரிகிறது என்றால், ஒரு புள்ளியாய் இருந்தது எப்போது? பள்ளிப்பிள்ளை போடக்கூடிய வகுத்தல் கணக்கு. விடை ஏறத்தாழ 900 ஆண்டு. 1928 இலே எட்வின் ஹபிள் இதை 1054 ஆம் ஆண்டின் விருந்து மீனோடு இணைத்துக் காட்டினார். 1942 இல் ஊர்ட், மேயால் முதலியோர் சீன ஏடுகளையும் கணக்கையும் ஒப்பிட்டு இதை உறுதி செய்தனர்.

நடுகல்லிலே ஆட்சியாண்டு பொறித்திருப்பது போல, விண்முகிலிலே அதன் வெடிப்பாண்டு பொறித்திருக்கிறது. எழுத்து வேறு, படிக்கும் முறை வேறு. சீனன் எழுதிய ஏடும் வானம் எழுதிய முகிலும் ஒரே ஆண்டைச் சொன்னபோது, சாட்சி இரண்டாயிற்று. யாங் வெய்டே சொன்ன நிமித்தத்துக்கு எந்த வானமும் சாட்சி சொல்லவில்லை. அவர் காலத்தார் எழுதிய நாளுக்கும் இடத்துக்கும் வானமே வந்து சாட்சி சொல்லிற்று.

தமிழ் மண்ணின் பங்கு

இக்கதையில் நமக்குப் பங்கில்லையா? உண்டு.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்ரமணியன் சந்திரசேகர், 1930 இலே பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணத்தின்போதே கணக்கிட்டார்: எரிபொருள் தீர்ந்த விண்மீனின் எஞ்சிய நிறை ஒரு வரம்புக்குள் இருந்தால் அது சிறு வெள்ளை மீனாக ஓய்ந்துவிடும், வரம்பை மீறினால் தன் எடையைத் தாங்கமாட்டாது. அவ்வரம்பு நம் ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935 சனவரியில் இலண்டன் வானியற் கழகக் கூட்டத்திலே, அக்காலத்தின் பெரும்புகழ் அறிஞர் எடிங்டன் எழுந்து இந்த முடிவை எள்ளினார். அவையும் பெரியவர் பக்கமே சாய்ந்தது. ஆனால் விண்மீன்கள் எடிங்டனின் புகழைக் கேட்டு நடப்பனவல்ல. 1983 இல் நோபெல் பரிசு சந்திரசேகரைத் தேடி வந்தது. பெரியவர் சொல்லிவிட்டார் என்பது அறிவியலிலும் சான்றாகாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பெருவிண்மீன் வெடிப்பில் நடப்பதும் இத்தகைய வீழ்ச்சியே. உள்ளகம் தாங்கமாட்டாமல் இடிந்து சுருங்குகிறது. மேலுடல் சிதறி முகிலாகிறது. சுருங்கிய உள்ளகம் நியூட்ரான் மீனாகும் என்று 1934 இலே பாடேயும் சுவிக்கியும் எழுதினர். 1968 இலே நண்டு விண்முகிலின் நடுவில் அப்படிப்பட்ட மீன் துடித்துக்கொண்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நொடிக்கு ஏறத்தாழ முப்பது முறை அது சுழல்கிறது.

வானை நோக்கும் பணிக்கும் நம்மிடம் பழைய வேர் உண்டு. சென்னையில் 1792 இலே வானாய்வகம் நிறுவப்பட்டது. அங்குப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தவர். 1867 இலே ஒளி மாறும் விண்மீனொன்றைக் கண்டறிந்தார். 1874 இல் வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடந்தபோது, அது என்ன நிகழ்வு என்று பொதுமக்களுக்கு விளக்கி நூலெழுதினார். பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்துவரவில்லையென்றால் கணக்கைத்தான் திருத்தவேண்டும் என்று திருக்கணித முறைக்கு வாதாடினார். பிறந்த குடியின் ஏட்டையே வானத்தின் முன் நிறுத்திச் சரிபார்த்த அந்தத் துணிவை மதிக்கவே வேண்டும்.

பின்னர் 1899 இலே ஆய்வுப்பணி கோடைக்கானலுக்குச் சென்றது. அதன்பின் சவ்வாது மலை. சென்னையிலே 1927 இல் பிறந்த வைணு பாப்பு, இரவு வானை ஆராய ஏற்ற இடம் தேடி, ஆலங்காயத்தை அடுத்த காவலூரைத் தெரிந்தெடுத்தார். கடல்மட்டத்துக்கு மேல் 725 மீட்டர். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ பன்னிரண்டரைப் பாகை வடக்கு. ஆதலால் வடவானும் தென்வானும் ஒருங்கே காணலாம். 1960களின் இறுதியிலே, தம் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கியது. 1972 இலே ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சு 10 ஆம் நாள் யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பதைக் காட்டிய நோக்கல்களிலே காவலூருக்கும் பங்குண்டு. 1982 இலே பாப்பு மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பெற்று, 1986 சனவரி 6 இலே அவர் பெயரைத் தாங்கியது.

அடுத்த ஆண்டே வானம் ஒரு தேர்வு வைத்தது. 1987 பிப்ரவரியிலே தென்வானில் ஒரு விண்மீன் வெடித்து, வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. காவலூரிலிருந்து பார்த்தால் தென் அடிவானுக்கு மேல் எட்டுப் பாகையே உயரும் அந்த மீனின் நிறமாலையை அங்கிருந்தும் பதிவு செய்தனர். அவ்வெடிப்பைத் தனித்துக் கண்டறிந்தோரில் ஒருவர், நியூசிலாந்தின் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்ற பொழுதுபோக்கு வானியலர். பெரிய கருவி பெரிதுதான். ஆனால் வானம் பெரிய கருவிக்கு மட்டும் திறந்த வாயிலன்று. அந்த நம்பிக்கையில்தான் நாமும் மலையேறினோம்.

இருளைக் கழித்த இரவு

நம் கருவி என்ன? 80 மில்லிமீட்டர் வில்லையுடைய சிறு தொலைநோக்கி ஒன்று. வானப்படத்துக்கென்று அதன் செவ்வொளி வடிகட்டியை முன்பே ஒருவர் மாற்றியிருந்த பழைய கேமரா ஒன்று. புவி சுழலும் வேகத்துக்கு எதிராகத் தொலைநோக்கியை மெல்லத் திருப்பும் மோட்டார்த் தாங்கி ஒன்று. மின்சாரத்துக்கு ஒரு பேட்டரி. நண்பர்கள் பணம் சேர்த்து வாங்கியவை இவை.

நாள் குறிப்பதிலேயே சண்டை. "அமாவாசை இரவிலா மலைக்கு? அதுவும் மாசி அமாவாசை! கீழே மயானக் கொள்ளை நடக்கும் நாள்!" என்றனர் பெற்றோர். நிலவில்லாத இரவில்தான் மங்கிய முகில் தெரியும் என்று வீடு வீடாகச் சென்று விளக்கினோம். ஊர் அஞ்சும் இரவே வானியலுக்கு உகந்த இரவு! முடிவில் எட்டு மாணவர் வந்தனர். பெண்பிள்ளைகளோடு தாய்மார் இருவரும் வந்தனர். மலைவாழ் உழவர் ஒருவர் தம் கொல்லையைத் தந்தார். குளிர்காய விறகும் தந்து, "வெளிச்சம் ஆகாதென்றால் தீயை அந்தப் பாறைக்குப் பின்னால் மூட்டுங்கள்" என்று இடமும் காட்டினார்.

உண்மையைச் சொல்லிவிடுவோம்: தை அமாவாசையிலே ஒருமுறை சென்று தோற்றுத் திரும்பியிருந்தோம். தாங்கியின் அச்சு வடமீனை நோக்கவேண்டும். நம் மலையிலே வடமீன் அடிவானிலிருந்து பன்னிரண்டரைப் பாகைதான் உயர்ந்து நிற்கும். எதிரேயிருந்த மேடும் மரமும் அதை மறைத்துவிட்டன. குத்துமதிப்பாக நிறுத்தினோம். வானம் இரண்டு நிமிடத்தில் அரைப் பாகை நகரும். அது முழுநிலவின் அகலம். நண்டு விண்முகிலோ நிலவின் அகலத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. விளைவு என்ன? படத்திலே மீன்களெல்லாம் கோடுகளாயின; முகிலைக் காணவில்லை.

பிழை வானத்தினுடையதன்று, நம்முடையது. ஆகவே மாசியில் முறையை மாற்றினோம். வடமீன் தெரியாவிட்டால் என்ன? நடுவானிலே ஒரு மீனைக் கேமராவில் பிடித்துவைத்து, அது எப்பக்கம் நழுவுகிறது என்று பார்த்து, நழுவல் நிற்கும்வரை தாங்கியைத் திருத்தலாம். கீழ்வானில் இன்னொரு மீனைக் கொண்டு மறுபடியும் திருத்தலாம். ஒரு மணி நேரம் பிடித்தது. பின்னர் ரோகிணிக்குக் கிழக்கே, எருதின் கொம்பு நுனியாக நிற்கும் மீனைத் தேடிப்பிடித்து, அதற்கு ஒரு பாகை அப்பால் தொலைநோக்கியைத் திருப்பினோம்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு படமாக 64 படங்கள். இடையிலே வில்லையில் பனி படிந்தது. சூடேற்றும் பட்டையைச் சுற்றித் துடைத்துத் தொடர்ந்தோம். முதற்படத்தைப் பார்த்த பிள்ளைகளின் முகம் வாடிற்று. இருட்டு, புள்ளிகள், நடுவே இருக்கிறதா இல்லையா என்ற ஐயத்துக்கிடமான ஒரு கறை. அவ்வளவே!

ஏன் 64? ஒரு படத்திலே உண்மையும் உண்டு, இரைச்சலும் உண்டு. உண்மை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழும். இரைச்சல் படத்துக்குப் படம் இடம் மாறும். 64 படங்களை மீனோடு மீன் பொருந்த அடுக்கிச் சராசரி கண்டால், இரைச்சல் எட்டிலொன்றாகக் குறைகிறது. பொய்ச் சாட்சிகள் ஒருவர்க்கொருவர் முரண்படுவர்; மெய்ச்சாட்சி எத்தனை முறை கேட்டாலும் ஒன்றையே சொல்லும் என்று பிள்ளைகளுக்கு விளக்கினோம்.

பின்னர் வில்லையை மூடிவிட்டு வெறும் இருளையே இருபது படமெடுத்தோம். "இது எதற்கு, ஐயா?" என்றான் ஒரு சிறுவன். கேமராவுக்கும் சில பிழைகள் உண்டு. வெளிச்சமே இல்லாதபோதும் சில புள்ளிகளை அது தானாகக் காட்டும். அதை அறிந்து, கிடைத்த படத்திலிருந்து கழிக்கவேண்டும். தன் பிழையைத் தானே அளந்து, தன் முடிவிலிருந்து கழித்துக்கொள்வது! எந்தச் சோதிடன் என்றாவது இதைச் செய்தான்?

நள்ளிரவுக்குமேல் மடிக்கணினியிலே படங்கள் அடுக்கப்பட்டன. கரிய வானத்தின் நடுவே சிறு நீள்வட்டம்; உள்ளே நீலம் கலந்த வெண்மை; ஓரத்திலே செந்நிற இழைகள். செம்மை, சிதறிய வளிகள் ஒளிர்வது. வெண்மை, நடுமீன் வீசும் மின்துகள்கள் காந்தப்புலத்திலே சுழன்று தரும் ஒளி. ராஸ் பிரபு 91 சென்டிமீட்டர் ஆடியிலே கண்டு கையால் வரைந்ததை, 80 மில்லிமீட்டர் வில்லையால் அரசுப்பள்ளிப் பிள்ளைகள் நிறத்தோடு பிடித்துவிட்டனர். தாய்மாரில் ஒருவர் வெகுநேரம் பார்த்தார். "செத்தது இவ்வளவு அழகா இருக்குமா?" என்றார். நமக்கு மறுமொழி எழவில்லை.

சாட்சிக்கு வந்த மூலம்

பின்னிரவு இரண்டு மணிக்குமேல் நண்டு விண்முகில் மேற்கே தாழ்ந்தது. பிள்ளைகள் பலரும் உறங்கிவிட்டனர். அந்த மாணவி மட்டும் போர்வையைச் சுற்றிக்கொண்டு தென்கிழக்கு நோக்கி உட்கார்ந்திருந்தாள். மூன்று மணியளவிலே தேளின் உடல் மலைமுகட்டுக்கு மேலேறியது. அதன் பின்னே, வளைந்த வாலின் கொடுக்கிலே அருகருகே இரண்டு மீன்கள் தெளிந்தன.

"அதுதான் மூலம்," என்றோம்.

இமைக்காமல் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "இவ்வளவுதானா, ஐயா?"

இவ்வளவுதான்! அக்காள் பிறந்த நாளிலே நிலவு அந்தத் திசையிலே நின்றது, அதற்குமேல் ஒன்றுமில்லை. நிலவு இங்கிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர். அதன் ஒளி நம்மை எட்ட ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல். அந்த மீன்களோ பல நூறு ஒளியாண்டுத் தொலைவு. அக்காள் பிறந்த நாளில் இங்கு வந்து சேர்ந்த ஒளி, அவள் பாட்டனின் பாட்டன் பிறக்குமுன்பே புறப்பட்டது. அதே நாளிலே பிறந்த ஆணுக்கு அது அரசாட்சியாம், பெண்ணுக்கு அழிவாம். ஒரே மீன்! கைபெங்கிலே வாழ்த்தும் கான்ஸ்டாண்டினோப்பிளிலே சாவும் ஆன அதே கதையன்றோ இது? அன்று மன்னனை மகிழ்விக்கப் பேசியவன் மீனைக் காட்டினான். இன்று பெண்ணை மட்டந்தட்டப் பேசுபவனும் மீனையே காட்டுகிறான்.

அவளே கேமராவை வாங்கி மூலத்தைப் படமெடுத்தாள். படத்தை அக்காளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு படத்தால் உலகம் திருந்திவிட்டது என்று கூறி உங்களை நாம் ஏமாற்றப்போவதில்லை. அக்காளுக்கு இன்னும் மணமாகவில்லை. ஆனால் நான்காவது இடத்தார் வந்து சாதகம் கேட்டபோது, அதைக் கொடுக்க மறுத்தவள் அவளே. "பெண்ணைப் பாருங்கள், சாதகத்தைப் பார்க்க வேண்டாம்" என்றாளாம். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். போனவர்களை எண்ணி அவள் அழவில்லை என்று தங்கை வந்து சொன்னாள்.

இளைஞர் தோழர்களே! நண்டு விண்முகில் இன்னும் விரிந்துகொண்டே இருக்கிறது. பத்தாண்டு இடைவெளியில் எடுத்த படங்களைக் கொண்டு அவ்விரிவைக் காட்டிய பொழுதுபோக்கு வானியலர் உலகில் உண்டு. நம் கருவியிலே அது பத்தாண்டில் ஏறத்தாழ ஒரு படப்புள்ளியளவுதான் நகரும். ஆகவே அந்த இரவின் 64 படங்களையும், இருளின் இருபது படங்களையும், நாள் நேரத்தோடு பள்ளியிலே பாதுகாத்து வைத்திருக்கிறோம். பத்தாண்டு கழித்து, அன்றைய பிள்ளைகளோடு அதே கொல்லைக்குச் செல்வோம், மீண்டும் படமெடுப்போம், இரண்டையும் பொருத்திப் பார்ப்போம். நாம் சொன்னது பிழையென்றால் அந்தப் படமே காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுக்கட்டும்! அதற்கு அஞ்சாத சொல்லே அறிவு.

உங்கள் ஊரிலும் ஒரு மூலத்துப் பெண் இருப்பாள். அடுத்த அமாவாசை இரவிலே அவள் வீட்டாரை வெளியே அழைத்து வந்து வானத்தைக் காட்டுங்கள். தொலைநோக்கி இல்லையா? கண் போதும்.